பினாங்கில் சிறு மீன்பிடிப் படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பினாங்கிலும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் சிறு படகு வைத்திருப்பவர்களில் பலர் கடல் கெட்டிருக்கும் மாதங்களில்தான் படகைக் கரையேற்றுகிறார்கள். எப்படியும் மீன் பிடிக்கப் போக முடியாத நாட்கள், அப்போதே வேலையை முடித்துவிடலாம் என்ற கணக்கு. ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே மழை விடாது. ஈர மரத்தில் பெயிண்ட் ஒட்டாது, ஈர ஃபைபரில் இழையை ஒட்டும் ரெசின் பிடிக்காது. அவசரத்தில் பூசி மூடிய ஈரம் அடுத்த வருடம் கொப்புளமாக வெளியே வரும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சின், பேட்டரி, ஒயர், பெட்ரோல் குழாய் என்று கூரைக்குக் கீழே செய்யக்கூடியதெல்லாம் மழை மாதங்களில். படகின் உடம்பு வேலை ஜனவரி, பிப்ரவரி வெயிலில். கடல் அமைதியாகக் கிடக்கும் ஜனவரியில் படகைக் கரையில் போட்டு வைக்க மனம் வராதுதான். ஆனால் பினாங்கில் தொடர்ந்து பத்து நாள் காய்ந்த வானம் கிடைக்கும் காலம் அது ஒன்றுதான்.

இங்கே சொல்வது பதினைந்து அடி முதல் இருபத்திரண்டு அடி வரையிலான, பின்னால் எஞ்சின் மாட்டும் ஃபைபர் படகுகளை மனத்தில் வைத்து. பழைய மரச் சம்பான் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. அவர்கள் மற்றவர்களைப் போலக் காயவைக்கக் கூடாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாள் பார்ப்பது

பினாங்குக் கடலில் நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். உச்சம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து வரும். அந்த ஏற்றத்தில் படகை ஏற்றினால் கரையில் உயரமான இடத்துக்கு மிதந்தே வந்துவிடும், இழுக்க வேண்டிய தூரம் குறையும். அடுத்து வரும் சின்ன ஏற்றங்கள் அதைத் தொடாது. இறக்குவதற்கும் அதே மாதிரி ஒரு பெரிய ஏற்றம் வேண்டும்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, சீனப் புத்தாண்டு அமாவாசையில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு படகை ஏற்றி, சீனப் புத்தாண்டு ஏற்றத்தில் இறக்கினால் நடுவில் நல்ல வெயில் கிடைக்கும். 2025இல் வரிசை மாறியது: புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. எந்த வரிசையில் வந்தாலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ரெசின், பெயிண்ட், ஸ்டெயின்லெஸ் போல்ட் விற்கும் கடைகள் பட்டர்வொர்த்திலும் ஜோர்ஜ்டவுனிலும் பெரும்பாலும் சீனர் கடைகள். புத்தாண்டுக்குக் கதவை அடைத்தால் திறக்கச் சில நாட்கள் ஆகும். பாதி ஒட்டுப் போட்டபின் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் தீர்ந்தால் தௌக்கே, அதாவது கடை முதலாளி, வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாமான்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இது காகித வேலை. மீன்பிடி உரிமம் உள்ள படகில் எஞ்சினின் குதிரைத்திறனை மாற்றுவதாகவோ, படகின் நீள அகலத்தில் கை வைப்பதாகவோ இருந்தால், வேலை தொடங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இருந்ததை இருந்தபடி சரிசெய்வது வேறு, மாற்றுவது வேறு.

கரையேற்றுவது

தெலுக் பஹாங் மாதிரி மணல் கரையில் வேலை எளிது. பாலிக் புலாவ் பக்கத்து ஆற்று முகங்களிலும் செபராங் பிறையின் சேற்றுக் கரைகளிலும் பலகை விரித்து, அதன்மேல் தடித்த பிவிசி குழாய்களை உருளையாக வைத்து இழுக்க வேண்டும். எஞ்சினையும் பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் நங்கூரத்தையும் முதலில் இறக்கிவிடுங்கள். நாற்பது குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று எழுபது கிலோவுக்கு மேல் வரும்; அதை மாட்டியபடி இழுத்தால் பின்பலகைக்குத்தான் அடி.

படகின் பாரம் முழுவதும் அடியில் நீளவாக்கில் ஓடும் அடித்தண்டில் உட்கார வேண்டும். அதன் கீழே மூன்று இடங்களில் கட்டை கொடுங்கள். பக்கவாட்டில் கொடுக்கும் முட்டுகள் படகைச் சாயாமல் பிடிக்க மட்டுமே. உள்ளே குறுக்குச் சட்டம் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் வெளியே முட்டு வையுங்கள். வெறும் ஃபைபர் தகட்டில் வைத்தால் சில நாளில் அங்கே குழி விழும்.

முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். அடியில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி, எஞ்சினின் கைப்பிடியிலோ சாவியிலோ கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். அடைப்பு இல்லாமல் படகை இறக்கியவர்கள் எந்த ஜெட்டியிலும் இருப்பார்கள், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மேலே கன்வாஸ் போடுங்கள், ஆனால் பொட்டலம் கட்ட வேண்டாம். நடுவில் ஒரு மூங்கில் கொடுத்துக் கூரை மாதிரி உயர்த்தி, இரண்டு முனையையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். இறுக்கி மூடிய படகுக்குள் ஈரம் வேர்த்துக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்; சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பார்த்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள். படகும் அதில் விலக்கில்லை.

கழுவிச் சுரண்டுவது

இதை ஏற்றிய அன்றைக்கே செய்ய வேண்டும். கொட்டலசும் சிப்பியும் ஈரமாக இருக்கும்போது சுரண்டினால் பாதி வேலை. ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் அதன் அடித்தட்டு சிமெண்ட் போல இறுகிவிடும். ஃபைபர் உடம்புக்கு மரத்தாலோ கெட்டி பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டி. இரும்புத் தகடு ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டைக் கிழிக்கும். பழைய அடிப்பெயிண்ட்டில் செம்புச் சேர்மம் இருக்கும். அதனால் சுரண்டியது கீழே விரித்த தார்ப்பாயில் விழட்டும், குப்பைக்குப் போகட்டும். கண்டல் காட்டுச் சேற்றில் அதைத் தள்ளிவிட்டு, அதே சேற்றில் நண்டு பிடிக்கப் போவதில் அர்த்தமில்லை.

பிறகு நல்ல தண்ணீரில் உள்ளும் வெளியும் கழுவுங்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு போகாமல் படகு காயாது.

சுண்ணக்கட்டியோடு ஒரு சுற்று

கருவி எதையும் எடுக்கும் முன், ஒரு சின்னச் சுத்தியலின் பிளாஸ்டிக் தலையாலோ ஐம்பது சென் நாணயத்தாலோ படகு முழுவதும் தட்டிப் பாருங்கள். திடமான ஃபைபர் கணீரென்று சொல்லும். அடுக்குகள் பிரிந்த இடம், உள்ளே தண்ணீர் கோத்த இடம் மந்தமாக, தொம்மென்று கேட்கும். அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். எதையும் அன்றைக்கே உடைக்க வேண்டாம். முழுப் பட்டியலும் கையில் வரட்டும்.

சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நிற்பவை. ஒரே கோட்டில் நீளமாக ஓடும் விரிசலும், அழுத்தினால் தண்ணீர் கசியும் விரிசலும் உள்ளே போனவை. அடித்தண்டு கரையில் உரசும் இடம், முன்முனை, எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி, பின்பலகை பக்கச் சுவரைச் சந்திக்கும் மூலை, இந்த நான்கையும் இரண்டு முறை பாருங்கள். அரிசி அளவிலிருந்து நாணய அளவு வரை கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு தண்ணீர் வந்தால் ஃபைபர் தண்ணீர் குடித்திருக்கிறது. அவற்றைத் திறந்து, நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, நன்றாகக் காயவிடாமல் மூடக் கூடாது.

ஃபைபர் ஒட்டு

பலரும் இதைப் புட்டி அடித்துப் பெயிண்ட் பூசும் வேலை என்று நினைக்கிறார்கள். புட்டிக்குப் பலம் கிடையாது. அலை அடியைத் தாங்குவது கண்ணாடி இழைதான், எனவே போன இழைக்கு இழையே வைக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: பாலியெஸ்டர் ரெசின், அதற்கான ஹார்டனர், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள நறுக்கிய இழை மேட், கொஞ்சம் நெய்த இழைத்துணி, அசிட்டோன், காற்றுக்குமிழி நீக்கும் உருளை, ஊசி இல்லாத சிரிஞ்ச், ஒரு சமையல் தராசு. கூடவே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, வாயு வடிகட்டும் மாஸ்க். வெறும் துணி மாஸ்க் தூசியைக்கூடச் சரியாக நிறுத்தாது, ரெசின் வாடையை நிறுத்தவே நிறுத்தாது. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. பட்டால் உடனே பதினைந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலை இப்படிப் போகும்.

முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் போதாது. மெழுகு தேய்ப்பில் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் கிரைண்டரில் கெட்டுப்போன இழை முழுவதையும் எடுங்கள். நல்ல இழை தென்படும்வரை எடுக்க வேண்டும், ஆசைப்பட்டுப் பாதியை விட்டுவைக்கக் கூடாது. ஓட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேயுங்கள். உடம்பின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் சரிவு எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர் அகலம் போக வேண்டும். அதாவது பன்னிரண்டு மடங்கு. சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று தோன்றும். ஒட்டு நிற்பது அந்தச் சரிவில்தான்.

தேய்க்கும்போது வரும் தூசி உடம்பெல்லாம் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, தோலில் முன்பே கொஞ்சம் பவுடர். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.

ஓட்டை உள்ளே வரை போயிருந்தால், ஒரு பக்கத்தில் மெழுகு தடவிய தகடோ பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையோ வைத்து அடைத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து கட்டுங்கள். மேட்டை முன்கூட்டியே வெட்டி வரிசைப்படி அடுக்கி வையுங்கள். சின்னத் துண்டை முதலில் போட்டு மேலே மேலே பெரிதாக்குவது இங்கே பலரது வழக்கம். பெரியதை முதலில் போடுவதே மேல் என்பேன். அப்போது முதல் அடுக்கே சரிவு முழுவதையும் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் சமப்படுத்தத் தேய்க்கும்போது அந்த அடுக்கு வெட்டுப்படாது.

இனி ரெசின். நம் வெயிலுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு ஹார்டனர் போதும். 300 கிராம் ரெசினுக்கு 3 மில்லி. மேகமூட்டமாக இருந்தால் சற்றுக் கூட்டலாம், ஆனால் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கலவை கொதித்து, புகைந்து, நொறுங்கும் தன்மையோடு இறுகும். ஒரு பங்குக்குக் குறைத்தால் முழுதாக இறுகாமலே நின்றுவிடும். ஒரே நேரத்தில் 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். டின்னில் குவிந்து கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். மிச்சம் இருந்தால் டின்னைப் படகுக்குள் விடாமல் மணலில் வையுங்கள். ரெசினோடு தனியாகக் கோபால்ட் முடுக்கி கொடுக்கும் கடைகளும் உண்டு; அதை ஹார்டனரோடு நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும். முடுக்கி கலந்தே வரும் ரெசினாகக் கேட்டு வாங்குங்கள்.

இடத்தில் ரெசின் பூசி, மேட்டை வைத்து, மேலே ரெசின் தட்டி ஊறவிடுங்கள். தூரிகையால் இழுக்கக் கூடாது, குத்த வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற இடம் ஊறாத இடம். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். வழிந்து ஓடினால் அது பலமல்ல, பாரம். உருளையால் காற்றை வெளியேற்றிவிட்டு அடுத்த அடுக்கு. ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடு ஏறிப் படகின் உடம்பு வளையும்.

நேரமும் முக்கியம். காலைப் பனி உலர்ந்து பத்து மணிக்கு மேல் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரியிலும் மாலையில் ஒரு மேகம் வரலாம். இறுகாத ரெசின்மேல் மழை பட்டால் அது பால் மாதிரி வெளுத்துவிடும். அந்த அடுக்கைத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

கடைசி அடுக்கின் மேல்பகுதி பிசுபிசுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். காற்று படும் இடத்தில் சாதாரண ரெசின் அப்படித்தான் இருக்கும். மெழுகு கலந்த ஜெல்கோட்டைக் கடைசியாகப் பூசினால் சரியாகிவிடும். மெழுகு கலந்ததை நடு அடுக்குகளில் பயன்படுத்தாதீர்கள், அடுத்தது ஒட்டாது. ஒரு நாள் முழுதாக விட்டு, பிறகு மணல்தாளால் தேயுங்கள்.

பின்பலகை

சிறு ஃபைபர் படகுகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். எஞ்சின் மாட்டும் அந்தப் பலகைக்குள்ளே பிளைவுட் இருக்கிறது. போல்ட் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே ஊறி, வெளியே ஒன்றும் தெரியாமல் மரம் உளுத்துப்போகும். கடலில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் பலகையோடு கழன்று விழுந்தால் அப்புறம் பேச்சில்லை.

எஞ்சினைக் கழற்றும் முன்பே சோதிக்கலாம். எஞ்சினைச் சாய்த்து நிறுத்தி, அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டுங்கள். இன்னொருவர் பலகையின் மேல் விளிம்பில் கை வைத்துப் பார்க்கட்டும். வளைந்தால் சந்தேகம் உறுதி. உள்பக்கத்தில், தாழ்வான இடத்தில், 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு வெளியே வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிறிய காய்ந்த தூள் என்றால் துளையை எப்பாக்சியால் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கறுத்த ஈரக் கூழ் என்றால் மரத்தை மாற்றியாக வேண்டும். துளைகள் போட்டு ரெசினை ஊற்றினால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஈர மரத்துக்குள் ரெசின் போகாது. ஈரத்தைத்தான் அடைத்து வைக்கும்.

மாற்றும் முறை: உள்பக்கத் தோலை ஓரம் விட்டுச் சதுரமாக வெட்டி எடுங்கள், வெளித்தோலைத் தொடாதீர்கள். உளுத்த மரத்தை உளியால் முழுவதும் சுரண்டி, சில நாள் காயவிடுங்கள். பழைய தடிமனுக்குச் சமமாக மரைன் பிளை இரண்டு அடுக்கு வெட்டி, எல்லா விளிம்பிலும் எப்பாக்சி ஊறப் பூசுங்கள். சாதாரண பிளைவுட் பாதி விலை, பாதி ஆயுள்கூடக் கிடைக்காது. இழைத்தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியைத் தாராளமாகத் தடவி, வெளித்தோலோடு அழுத்திக் கவ்விகளால் இறுக்குங்கள். ஓரங்களில் பசை பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் வெற்றிடம் இருக்கிறது. பிறகு உள்பக்கம் இழை அடுக்குகள் போட்டு, பக்கச் சுவரிலும் அடியிலும் ஒரு சாண் அளவு ஏற்றிப் பிடிக்க வையுங்கள்.

போல்ட் துளைகளை நேராகப் போடாதீர்கள். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் அடைத்து, அது இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். அப்போது போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் எப்பாக்சி வளையம் நிற்கும். எந்தத் தண்ணீரும் மரத்தைத் தொடாது. போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ், பெரிய வாஷர், பாலியூரிதேன் சீலன்ட். கண்ணாடித் தொட்டிக்குப் போடும் சிலிக்கான் இங்கே ஆகாது.

மரச் சம்பான் வைத்திருப்பவர்களுக்கு

மரப் படகு காய்ந்தால் பலகை சுருங்கும், இடுக்கு திறக்கும். அதனால் நிழலில் வையுங்கள், அடிப்பகுதியில் ஈரச் சாக்கு போடுங்கள், வேலையைச் சீக்கிரம் முடித்து இறக்குங்கள். கடல் தண்ணீர் மரத்தைக் காக்கும், மழைத் தண்ணீர் உளுக்கவைக்கும். பழைய ஆட்கள் படகின் அடியில் கல் உப்பு தூவி வைத்தது அதற்காகத்தான், இன்றும் செய்யலாம்.

கூரான ஊசியால் பலகைகளைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்திருக்கிறது. குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தால் அது கப்பல் புழு. சிறு குஞ்சாக நுழைந்து உள்ளே பருத்துவிடும். வெளியே ஒரு புள்ளி, உள்ளே விரல் நுழையும் குகை. அந்தப் பலகையை மாற்றுவதே நல்லது.

கலப்பத்து அடிப்பதற்கு, அதாவது பலகை இடுக்குகளில் திரி திணித்து அடைப்பதற்கு, இங்கே மலாய்க்காரர்கள் கெலாம் மரப் பட்டையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அது ஈரத்தில் ஊதி இடுக்கை அடைக்கும். மேலே டாமார், அதாவது நம் குங்கிலியம், பொடித்து எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். பட்டை கிடைக்காவிட்டால் பருத்தி நூல் திரி போதும். எதுவானாலும் சுருங்கிய இடுக்கில் இறுக இறுக அடிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும். இடமில்லாவிட்டால் ஆணிகளையும் சட்டங்களையும் தள்ளி உடைக்கும்.

கசிவு தாங்காமல் பழைய சம்பான்மேல் ஃபைபர் போர்த்துவது ஒரு நாகரிகமாகிவிட்டது. செங்கால் மாதிரி எண்ணெய்ப் பிடிப்புள்ள மரத்தில் பாலியெஸ்டர் ரெசின் நிலைக்காது. பலகை ஊதிச் சுருங்க, போர்வை பிரிந்து, நடுவில் தண்ணீர் நின்று, மரம் அதற்குள்ளேயே மக்கும். இரண்டு வருடம் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எஞ்சின்

இது மழை மாத வேலை. வீட்டு வராந்தாவில், ஒரு மரத் தாங்கியில் எஞ்சினை நிமிர்த்தி மாட்டிக்கொள்ளுங்கள். யமஹாவோ சுசுகியோ, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு முறை ஏறக்குறைய ஒன்றுதான். அளவுகளுக்கு அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பாருங்கள்.

ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். உள் குழாய்களில் உள்ள உப்பு கரைந்து போகட்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக அணையும்வரை விடுங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டுகளை அடைப்பதுதான் மாதக்கணக்கில் நின்ற எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் காரணம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்துவிடுங்கள்.

கியர் ஆயிலை மாற்றுங்கள். கீழ்த் திருகை முதலில், பிறகு மேல் திருகைத் திறந்தால் வடியும். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ சீல் போயிருக்கிறது. பல முறை அதற்குக் காரணம் ப்ரொபெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு. அது சீலை அறுத்துவிடும். ப்ரொபெல்லரைக் கழற்றி நரம்பை எடுத்து, தண்டில் கிரீஸ் தடவி, புதுப் பின் போட்டு மாட்டுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக அழுத்தி, மேல் துளையில் குமிழியில்லாமல் வரும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நிற்கும். திருகு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும், சில ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

இம்பெல்லரை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். மணலும் சேறும் கலந்த ஆற்று முகத்தில் ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம். அடிப்பகுதியைக் கழற்றும் முன் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் மேலே போய்த் தண்ணீர்ப் பாதையை அடைக்கும். புதியதை மாட்டும்போது தண்டை மேலிருந்து பார்த்து வலச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே மூடியை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். தண்டின் பற்களில் கிரீஸ் தடவுங்கள், உச்சியில் வேண்டாம்.

எஞ்சினில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது கரைவதுதான் அதன் வேலை; அதன்மேல் பெயிண்ட் அடித்தால் கட்டிக்குப் பதில் எஞ்சின் கரையும். பெட்ரோல் குழாயையும் கைப் பம்ப்பையும் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஒயரும் பேட்டரியும்

இது சிறிய வேலை. பச்சை பூத்த முனைகளை வெட்டி, வெள்ளீயம் பூசிய கடல் ஒயரால் மாற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஃபியூஸ். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஏற்றிய மறுநாளே 12.2க்கு இறங்கினால் அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

பெயிண்ட்

தினமும் மணலில் ஏற்றிவைக்கும் படகுக்கு ஒட்டுயிர் தடுக்கும் அடிப்பெயிண்ட் தேவையில்லை, மணலே அதைத் தேய்த்துவிடும். ஆற்றிலோ ஜெட்டியிலோ எப்போதும் மிதக்கும் படகுக்குத்தான் வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செம்பு கலந்தது. முன்பெல்லாம் நன்றாக வேலை செய்த பெயிண்ட் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. டிரைபியூட்டில் டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மம் கலந்த அந்த ரகத்தைத் தடைசெய்யும் உலக ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிப்பிகளையும் நத்தைகளையும் அது அழித்ததுதான் காரணம்.

பழைய பூச்சைத் தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றி ஈர மணல்தாளால் தேயுங்கள், அதன் தூசி நஞ்சு. புது ஃபைபர் ஒட்டின்மேல் முதலில் எப்பாக்சி பிரைமர், பிறகு அடிப்பெயிண்ட் இரண்டு பூச்சு. முன்முனையிலும் நீர்க்கோட்டிலும் மூன்றாவது. செம்புப் பெயிண்ட் எஞ்சினின் அலுமினியக் காலில் படக் கூடாது, அலுமினியம் அரித்துவிடும். பூசியபின் எத்தனை மணி நேரத்துக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டின்னில் போட்டிருக்கும். அதனால் அடிப்பெயிண்ட்டைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பக்கத்துக்கு உங்களுக்குப் பிடித்த நிறம். பதிவு எண்ணை மட்டும் தூரத்திலிருந்து படிக்கும்படி பளிச்சென்று எழுதுங்கள்.

மறுபடியும் தண்ணீரில்

இறக்கும் முன் வடிகால் அடைப்பு. இதை இரண்டாவது முறை சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மரச் சம்பானை ஆழமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு நாள் ஊறவிடுங்கள். முதல் நாள் கசியும், பலகை ஊதியதும் நிற்கும். ஃபைபர் படகு முதல் நிமிடத்திலிருந்தே கசியக் கூடாது. ஜெட்டியில் கட்டியபடியே எஞ்சினை ஓட்டி, பக்கத் துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். நடுவில் அணைக்காமல் பத்து நிமிடம். அதற்குள் பின்பலகையின் போல்ட்டுகளைச் சுற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் கரை தெரியும் தூரத்தில், காலையில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு. துடுப்பு படகில் இருக்கட்டும். மெதுவாகத் தொடங்கி, அரை வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியபின் முழு வேகம். திரும்பி வந்ததும் எஞ்சின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பின்பலகை முதல் சில மணி நேரத்தில் சற்று அமுங்கிக் கொடுக்கும். இரண்டு வாரம் கழித்துக் கியர் ஆயிலைச் சொட்டளவு வடித்து நிறம் பாருங்கள். தெளிவாக இருந்தால் திருகை மூடிவிட்டு வலையை ஏற்றலாம்.